மூன்று போர் கண்ட பிளாக்

இன்ஜினைத் திறந்து பழகியவர்கள் விடை தெரிந்தாலும் கொஞ்ச நேரம் வாயைக் கட்டிக்கொள்ளுங்கள். மற்றவர்களும் மண்டையைக் குடையட்டும். இது குடைவதைப் பற்றிய கதைதான்.

போடியில் ஒச்சம்மா என்று ஒரு ஜீப்காரி இருந்தாள். ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போகும் பெண்களைக் காலையில் ஏற்றிக்கொண்டு, கொண்டை ஊசி வளைவுகளில் மலையேறி இறக்கிவிடுவாள். சாயங்காலம் திருப்பிக் கூட்டி வருவாள். அது அவள் புருஷன் காசிமாயன் ஓட்டிய வண்டி. அவன் காலமான பிறகு ஸ்டியரிங் இவள் கைக்கு வந்தது.

காய் எடுப்பு தொடங்கும் நேரம் பார்த்து வண்டி மக்கர் செய்தது. ஆயிலைக் குடித்து நீலப் புகையாகத் துப்பியது. வருகிற திங்கட்கிழமை வண்டி வரும் என்று தோட்டத்துக் கங்காணிக்கு ஒச்சம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். முதல் நாள் வராத வண்டிக்கு அந்தப் பருவம் முழுக்க வேலை இல்லை. அதைவிடப் பெரிய பயம், பின்னால் நெருக்கியடித்து உட்காரும் பெண்களைப் பற்றியது. ஏற்றத்தில் இன்ஜின் செத்தால் வண்டி எந்தப் பக்கம் போகும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இங்கே ஒரு சின்ன விளக்கம். பிஸ்டன்கள் ஏறி இறங்கும் சிலிண்டர் துளைகள் கொண்ட இரும்புக் கட்டிதான் பிளாக். அந்தத் துளைகள் தேய்ந்துவிட்டால், அவற்றைக் குடைந்து வழவழப்பாக்கி, சற்றே பெரிய பிஸ்டனைப் போடுவார்கள். இதற்குப் பட்டறையில் போர் போடுவது என்று பெயர். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்ற கணக்கில் முதலில் இருபது, அடுத்தது நாற்பது, கடைசியாக அறுபது. எந்த அளவோ அந்த எண்ணைப் பிஸ்டன் தலையில் குத்தியிருப்பார்கள். அறுபதைத் தாண்டிக் குடைந்தால் சுவர் மெலிந்து, சூட்டில் விரிசல் விடும்.

தேனியில் சவரிராஜின் போரிங் பட்டறையில் பிளாக்கை இறக்கினார்கள். சவரிராஜ் அளவெடுப்பதில் கெட்டிக்காரர். அது அவருக்கும் நன்றாகத் தெரியும்.

"பிஸ்டன் தலையில எண்ணே இல்ல தங்கச்சி. அப்படின்னா கம்பெனி அளவு. அளந்தும் பாத்துட்டேன், அதேதான். இது கை படாத பிளாக்கு. கீறல் ஆழமா இருக்கு, அதனால ஒரேயடியா அறுபது போட்டுருவோம். பயப்படாம ஏறு."

"என்னண்ணே சொல்றீக? எங்க வீட்டுக்காரரு இதுக்கு மூணு தடவ போர் போட்டாரு. மதுரைக்கு நானும்ல கூடப் போனேன்."

"போட்டோம்னு சொல்லி பிஸ்டன் மேல இருக்க ரிங்க மட்டும் மாத்தி அனுப்பியிருப்பாங்க. மாப்ள நல்ல மனுசன், ஏமாந்துட்டாரு."

அது ஒச்சம்மாவுக்குச் சுருக்கென்றது. காசிமாயன் குடித்தான், கோபப்பட்டான், ஆனால் வண்டி விஷயத்தில் யாரிடமும் ஏமாந்ததில்லை. கையிலிருந்த பழைய சேலைத் துணியால் பிளாக்கின் மேல்பக்கத்தைத் துடைத்தாள். ஒரு சிலிண்டரின் வாயோரத்தில் துணியின் நூல் சிக்கியது. பிய்த்துவிட்டு அடுத்ததைத் துடைத்தாள். அங்கேயும் சிக்கியது.

வண்டியைப் பிரித்துக் கொண்டுவந்த மெக்கானிக் கலீல் பாய் அவள் பக்கம் பேசினார். "அக்கா பொய் சொல்லாது. மூணு போர் முடிஞ்சதுன்னா அறுபதும் முடிஞ்சது. இனி குடைஞ்சா சுவரு பிளந்துரும். இத எடைக்குப் போட்டுட்டு வேற பிளாக் தேடுங்க."

"அப்ப அறுபதுங்கிற எண் எங்க போச்சு பாய்?" என்றார் சவரிராஜ்.

பாய் பிஸ்டன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்; எதிலும் எண் இல்லை. திங்கட்கிழமைக்குள் வேறு பிளாக் கிடைக்கவும் வழியில்லை.

கூட வந்திருந்த ஒச்சம்மாவின் தம்பி தவசி, "ரிங்க மட்டும் மாத்திட்டு ஏறுவோம்க்கா" என்றான். உள்ளே விரலை விட்டுக் கீறலைத் தடவிப் பார்த்தவன், "ம்ஹூம், இதுக்கு ரிங்கு பத்தாதுக்கா" என்றான்.

ஒச்சம்மா மறுபடியும் தொடங்கினாள். "மூணாவது போருக்குப் பெறகும் ஒரு தடவ மதுரைக்குக் கொண்டு போனாரு. அது போருக்கு இல்ல. 'வண்டிக்குச் சட்டை போட்டுட்டேன் புள்ள'ன்னு சிரிச்சுக்கிட்டே வந்தாரு. பாத்தா, பச்சைப் பெயிண்டு அடிச்சிருந்துச்சு."

பெயிண்டுக்கும் பிஸ்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று மூவரும் விட்டுவிட்டார்கள்.

கேட்பவர்களே, சவரிராஜின் அளவில் பிசகில்லை. ஒச்சம்மாவின் நினைவிலும் பிசகில்லை. அப்படியென்றால் இந்தப் பிளாக்கைக் குடையலாமா, கூடாதா? சவரிராஜ், கலீல் பாய் இருவரில் யார் சொன்னது சரி?

விடை: இருவர் சொன்னதும் பாதி சரி. மூன்று போர் முடிந்து இனி குடைய இடமில்லாத பிளாக்கைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. கடைசியாக ஒருமுறை அகலமாகக் குடைந்து, உள்ளே மெல்லிய இரும்புக் குழாயை இறுக்கிச் செருகுவார்கள். சட்டைக் கை என்று பொருள்படும் ஸ்லீவ் என்பது அதுதான். அதைப் போட்டதும் துளை பழையபடி கம்பெனி அளவுக்கு வந்துவிடும், பிஸ்டனிலும் எண் இருக்காது. காசிமாயன் போட்ட சட்டை அது. பெயிண்டு அதே பயணத்தில் அடித்தது. நூல் சிக்கியது குழாயும் பிளாக்கும் சேரும் இடுக்கில். அறுபது குடைந்திருந்தால் சட்டை பாதியாக மெலிந்து, முதல் ஏற்றத்திலேயே கிழிந்திருக்கும். ஆகவே பாய் சொன்னபடி குடையக் கூடாது. ஆனால் அவர் சொன்னபடி எடைக்கும் போட வேண்டாம். பழைய சட்டையைக் கழற்றிப் புதிதாக ஒன்று போட்டால் போதும். சிக்கிக் கிடந்த நூலை முதலில் கவனித்தவர் சவரிராஜ்தான். நகத்தால் அந்த இடுக்கைச் சுற்றிலும் வருடிப் பார்த்துவிட்டு, "மாப்ள ஏமாறல தங்கச்சி. நான்தான் ஏமாந்தேன்" என்றார். ஒச்சம்மா அந்தச் சேலைத் துணியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். திங்கட்கிழமை புதுச் சட்டையோடு ஜீப் புகையில்லாமல் மலையேறியது. அந்த மனுஷன் வண்டிக்குப் போட்ட சட்டையை அதுவரை யாரும் சட்டை செய்யவில்லை, அவ்வளவுதான்.