முப்பத்திரண்டாவது குரல்

"என் வகுப்புல தலை முப்பத்தொண்ணு இருக்கு, சவேரியம்மா. குரல் முப்பத்திரண்டு இருக்கு" என்றார் சங்கரநயினார்.

சவேரியம்மாள் நிமிரவில்லை. ரயில் நிலையத்தை ஒட்டிய தபால் பிரிக்கும் கூடம் அது. நல்ல மத்தியான வெயில். அவள் இடது கையில் கடிதக் கட்டு, எதிரே சுவர் முழுக்கச் சின்னச் சின்ன அறையாகத் தடுத்த மரச்சட்டம். உறையை அவள் பார்த்தாளா இல்லையா என்று நாம் யோசிப்பதற்குள் அது தன் அறையில் போய் விழுந்திருக்கும்.

அவளுக்கு வயது முப்பத்தெட்டு. ஐம்பத்திரண்டு வயது ஏழாம் வகுப்பு வாத்தியாருக்கு அவள்தான் குரு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளட்டும், அவருக்கு அதில் வெட்கமே கிடையாது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ரயிலுக்குக் காத்திருந்தபோது ஜன்னல் வழியாக அவள் கையைப் பார்த்து மலைத்துப் போய், உள்ளே வந்து கேட்டார். அவளும் மறைக்காமல் சொல்லிக்கொடுத்தாள்.

"பேரைப் பாக்காதீங்க சார். தெருவைப் பாக்காதீங்க. பின்கோடு ஒண்ணுதான். கண்ணு வேற எதுலயாவது நின்னுச்சோ, கையும் நின்னுடும்."

அதற்கு மேலும் அவள் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். ரயில் ஊதிவிட்டது, இவர் ஓடிவிட்டார்.

ஓடியவர் சும்மா இருந்தாரா? வகுப்பில் விதி போட்டார். விரல் பக்கத்தின் நடுவில் மேலிருந்து கீழே ஓட வேண்டும். வேண்டிய சொல்லைத் தவிர எதிலும் கண் நிற்கக் கூடாது. முக்கியமாக, உதடு அசையக் கூடாது. அசையாமலிருக்கப் பிள்ளைகள் எல்லாரும் பல்லிடுக்கில் பென்சிலைக் கடித்துக்கொள்ள வேண்டும்.

முப்பத்திரண்டு பிள்ளைகள், முப்பத்திரண்டு பென்சில். வகுப்பில் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். அறுபது பக்கப் புத்தகத்தில் எதைக் கேட்டாலும் எண்ணிப் பத்து விநாடியில் விரல் அங்கே நிற்கும். அதிகாரிகள் வந்து பார்த்து வாயைப் பிளந்தார்கள். பிளக்காமல் என்ன செய்வார்கள்! தலைமையாசிரியர் சால்வை போர்த்தினார்.

இப்போது அந்தச் சால்வையை வாங்கியவர்தான் முகம் வெளிறி நிற்கிறார்.

"எண்ணிப் பாத்தீங்களா?" என்றாள் சவேரியம்மாள்.

"ஒன்பது நாளா எண்ணுறேன். முப்பத்தொரு தலைதான். பேரை வாசிச்சா, 'உள்ளேன் ஐயா' முப்பத்திரண்டு வருது."

"ஒவ்வொருத்தரா எழுப்பி நிக்கச் சொல்றதுதானே?"

"சொன்னேன். எல்லாரும் நின்னாங்க. ஒரு குரல் மட்டும் ஆளில்லாம நின்னுச்சு."

கடிதங்கள் விழுந்துகொண்டே இருந்தன.

"எந்தப் பேருக்கு?"

"அதான் தெரியலை." அவர் இன்னும் கிட்டே வந்தார். "பட்டியல்ல அந்த வரிக்கு வந்தா கண்ணு வழுக்கி அடுத்த பேருக்குப் போயிடுது. வாய் கூப்பிடுது. யாரைக் கூப்பிட்டேன்னு எனக்கே தெரியலை. மதியச் சாப்பாட்டுத் தட்டு முப்பத்திரண்டும் கழுவி வருது. மூணாவது பெஞ்சு ஓரத்துல இடம் காலியா கிடக்கு. 'அங்க யாருடா இருந்தது?'ன்னு கேட்டா, பசங்க அந்தப் பக்கம் திரும்பிட்டு என்னைப் பாக்குறாங்க. 'எங்க சார்?'ங்குறாங்க."

சவேரியம்மாளின் கை நின்றது.

அந்தக் கை நின்று அவர் பார்த்ததே இல்லை.

"பிள்ளையை எனக்கு மீட்டுக் குடுங்கம்மா. பெத்தவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்? கேக்க வரலையேங்கிறதுதான் இன்னும் பயமா இருக்கு."

"அன்னைக்குக் கடைசியா ஒண்ணு சொன்னேனே சார், ஞாபகம் இருக்கா?"

"ரயில் வந்துட்டும்மா."

"ரயில் வந்துட்டு" என்று அவளும் சொன்னாள். "இது தபால் பிரிக்கத்தான் சார், வாசிக்க இல்லைன்னு சொன்னேன்." பிறகு அவர் அக்குளைக் காட்டினாள். "அது என்ன?"

"வருகைப் பதிவேடு."

"உள்ளே ஏதோ காகிதம் துருத்திக்கிட்டு நிக்குதே."

"லீவு லெட்டருங்க. இந்த மாசத்தது."

"பாத்தாச்சா?"

"பாக்காமலா? எல்லாத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கேனே."

"எனக்காக இன்னொரு தடவை பாத்துச் சொல்லுங்க."

அவர் எடுத்தார். பன்னிரண்டு காகிதம். விரல் நடுவில் இறங்கியது. அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"ஏழு காய்ச்சல். மூணு கல்யாணம். ஒரு காதுகுத்து. ஒண்ணு..." கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணு சொந்தக் காரணம்."

சவேரியம்மாள் தன் காதோரம் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். அவர் கண்ணெதிரே அதை இரண்டாக ஒடித்துக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"உதட்டை அசைச்சு வாசிங்க."

"நானா?"

"ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை வாசிக்கிற மாதிரி."

கூடத்தில் நான்கு பேர் வேலை பார்க்கிறார்கள். வாத்தியாருக்குக் காது சிவந்தது. ஆனாலும் வாசித்தார். "மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எனக்குக் காய்ச்சல் அடிப்பதால்..." முதல் கடிதம் முடிந்தது. இரண்டாவது முடிந்தது. எல்லாம் ஒரே அச்சு. நாலாவதில் கொட்டாவிகூட வந்தது.

ஐந்தாவதை எடுத்தார்.

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். நம் வகுப்பில் யாருடைய கண்ணும் என் மேல் நிற்பதில்லை. ஆகவே இன்று முதல் நான் இல்லாமல் இருப்பதற்கு அனுமதி அளிக்குமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். பேர் கூப்பிடும்போது மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன். இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவி, மா. சுடலைவடிவு."

கீழே சிவப்பு மையில் 'அனுமதி' என்றிருந்தது. அதன் கீழே அவருடைய கையெழுத்து.

அவர் பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தார். அந்தப் பேரை அவர் பள்ளி திறந்த நாளிலிருந்து தினமும் கூப்பிட்டிருக்கிறார். முகம்? சடை ஒற்றையா இரட்டையா? ஐயோ, ஒன்றும் வரவில்லை.

"எத்தனை நாள் லீவு?" என்றாள் சவேரியம்மாள்.

ஆரம்பத் தேதி இருந்தது. முடிகிற தேதிக்கு இடம் விட்டிருந்தது, எழுதவில்லை.

"கிழிச்சுப் போட்டுடறேன்."

"நீங்க குடுத்த அனுமதி சார். கிழிச்சாப் போயிடுமா?"

"பின்னே?"

அவள் அடுத்த கட்டைப் பிரித்திருந்தாள். கை ஓடத் தொடங்கிவிட்டது.

மறுநாள் முதல் மணி. சங்கரநயினார் பதிவேட்டைத் திறக்கவில்லை. மூன்றாவது பெஞ்சின் ஓரத்துக்குப் போனார். முப்பத்தொரு பிள்ளைகளும் பென்சிலைக் கடித்தபடி அவரைப் பார்த்தார்கள். காலி இடத்தைப் பார்த்து அவர் நிற்கிறாரே என்று ஒரு பிள்ளைகூடச் சிரிக்கவில்லை. அதுதான் அவருக்குக் குலைநடுக்கமாக இருந்தது.

"சுடலைவடிவு."

"உள்ளேன் ஐயா." குரல் ஒரு முழம் தள்ளி, அவருடைய இடுப்பு உயரத்திலிருந்து வந்தது.

"உன் லெட்டரை நேத்துத்தான் வாசிச்சேன் தாயி. தப்பு என் மேலதான். மன்னிச்சுக்கோ. திரும்பி வந்துடு."

பெஞ்சுப் பலகை மெல்லக் கிரீச்சிட்டது.

"முழுசா வாசிச்சீங்களா சார்?"

"முழுசா வாசிச்சேம்மா. ஒரு எழுத்து விடலை."

"பின்பக்கமும்?"

அவர் சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்துத் திருப்பினார்.

பின்பக்கம் ஓரம்கூட விடாமல் நிறைந்திருந்தது. பொடிப் பொடி எழுத்து. அழித்து எழுதியது, அடித்து எழுதியது, ஓர் இடத்தில் மை கலங்கி ஊறியது.

விரல் பழக்கதோஷத்தில் பக்கத்தின் நடுவுக்குப் போயிற்று. அதை இழுத்து முதல் எழுத்துக்கடியில் வைத்தார். தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வாசித்தார். அடித்ததையும் ஜன்னல் வெயிலில் தூக்கிப்பிடித்து வாசித்தார். முதல் பாடம் முடிந்து மணி அடித்தது. இரண்டாவதும் அடித்தது. கன்னத்தில் வழிந்ததைத் துடைக்கவும் அவர் நிறுத்தவில்லை.

கடைசி வரி முடிந்து நிமிர்ந்தார்.

இரட்டைச் சடை. ஒன்றில் ரிப்பன், இன்னொன்றில் வாழைநார். காதில் தோடு இல்லை. துளை தூர்ந்துபோகாமலிருக்க இரண்டு காதிலும் ஈர்க்குச்சி செருகியிருந்தது. சுடலைவடிவு பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பல்லிடுக்கிலிருந்த பென்சிலை எடுத்தாள்.

"சார், உங்க உதடு அசைஞ்சுது."