நான்கு டிஸ்க்கில் ஒரு தெரு

"எந்தக் காலத்திலயும் அழியாத மாதிரி ஒரு கம்ப்யூட்டர் கட்டிக் குடு பாப்பா" என்றார் தனுஷ்கோடி.

ஜுலைகா கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைக்கவில்லை.

"கம்ப்யூட்டர் அழியக் கூடாதா? உள்ள இருக்கிறது அழியக் கூடாதா?"

"உள்ள இருக்கிறதுதான்."

"உள்ள என்ன?"

"ஒரு தெரு."

அவள் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

தனுஷ்கோடி கல்யாண வீடியோக்காரர். வாய்க்கால்கரைத் தெருவில் பிறந்து, அங்கேயே ஸ்டுடியோ வைத்து, அந்தத் தெருவின் கல்யாணம், காதுகுத்து, சடங்கு ஒன்று விடாமல் படம் பிடித்தவர். இப்போது அந்தத் தெருவையே எடுத்துவிடப் போகிறார்கள். அங்கே வீடே கிடையாது, வெறும் பொட்டல், நேற்று வந்து குந்தியவர்கள் என்று தாலுகா அலுவலகத்தில் எழுதி வைத்துவிட்டார்கள். ரேஷன் கார்டைக் காட்டினால் போலி. கரண்டு பில்லைக் காட்டினால் அதுவும் போலி.

"தலைமுறையா இருக்கோம்னு சொல்றீங்களே, காட்ட என்ன இருக்கு?" என்று கேட்டார் வக்கீல்.

தெருவே திரும்பி தனுஷ்கோடியைப் பார்த்தது.

ஆவணியில் விசாரணை. படமெல்லாம் பழைய டிஸ்க்குகளில் சிதறிக் கிடந்தது. அதில் ஒன்று பல்லி மாதிரி சத்தம் போட ஆரம்பித்துவிட்டது.

ஜுலைகாவுக்கு அவர் வயதில் பாதிதான் இருக்கும். மாடியில் ஒரு சின்னக் கடை. கம்ப்யூட்டர் கட்டுவாள், செத்ததைப் பிழைக்க வைப்பாள். குரு என்று யாரும் அவளைச் சொன்னதில்லை. வாயைத் திறந்தால் காசு செலவாகிவிடுமோ என்கிற அளவுக்குத்தான் பேச்சு.

தனுஷ்கோடி பையிலிருந்து நாலு புது டிஸ்க்கை எடுத்து மேஜையில் அடுக்கினார்.

"நாலையும் போடு. நாலுலயும் ஒரே படம். ஒண்ணு செத்தா மூணு நிக்கும். ரெண்டு செத்தா ரெண்டு நிக்கும். எவன் வர்றான்னு பாத்துருவோம்."

ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே, கண்ணாடியில் தெரிகிற மாதிரி, பதிகிற ஏற்பாடு அது. கம்ப்யூட்டர்காரர்கள் ரெய்டு என்பார்கள்.

அவள் நாலு டிஸ்க்கின் முதுகையும் திருப்பிப் பார்த்தாள். இரண்டைத் திரும்ப அவர் பக்கம் தள்ளினாள்.

"ஏன்?"

"நாலும் ஒரே பெட்டி. ஒண்ணா செஞ்சது. ஒண்ணுக்கு வந்த நோவு நாலுக்கும் வரும். ரெண்டு வேற கம்பெனியா மாத்திட்டு வாங்கண்ணே."

"கடைக்காரன் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். அழும்போது அவன் வர மாட்டான்."

போய் மாற்றிக்கொண்டு வந்தார்.

பெட்டி தயாரானது. விண்டோஸுக்கென்று தனியாகச் சின்னதாக ஒரு எஸ்.எஸ்.டி. போட்டாள். "சமையக்கட்டு வேற, நெல்லு வைக்கிற எடம் வேற" என்றாள். பழைய டிஸ்க்குகளிலிருந்த படம் எல்லாம் புதிதில் ஏறியது. பேச்சியம்மா மகள் முத்துமாரியின் கல்யாணத்தை ஓடவிட்டாள். திரையில் நாதஸ்வரம்.

"இப்ப ஒரு டிஸ்க்கைப் புடுங்குங்க."

"ஓடிக்கிட்டு இருக்கும்போதேவா?"

"சாவு சொல்லிட்டா வருது?"

கண்ணை மூடிக்கொண்டு பிடுங்கினார். நாதஸ்வரம் நிற்கவில்லை.

இன்னொன்றையும் பிடுங்கினார். முத்துமாரி தலைகுனிந்து தாலி வாங்கிக்கொண்டாள்.

தனுஷ்கோடி ஜன்னலுக்குப் போனார். "வாங்கடா! எத்தனை பேரு வர்றீங்க, வாங்கடா!" என்று சாலையைப் பார்த்துக் கத்தினார்.

கீழே டீக்கடைக்காரர் அண்ணாந்து பார்த்து, "எத்தனை டீண்ணே?" என்றார்.

பிடுங்கியதை மறுபடி சொருகி, நாலும் ஒன்றுபோல ஆகிற வரை ஜுலைகா காத்திருந்தாள். பிறகு கேட்டாள்:

"இதுல உங்களுக்கு வேண்டாத கல்யாணம் ஏதாச்சும் இருக்கா?"

"என் கல்யாணம்தான்" என்று சொல்லிச் சிரித்தார்.

அவள் அதைத் தேடி எடுத்தாள். அழித்தாள்.

சிரிப்பு பாதியில் நின்றது.

"ஏய், என்ன பண்ணுன?"

"அழிச்சேன்."

"சரி, ரெண்டாவது டிஸ்க்குல இருந்து எடு."

"அதுலயும் அழிஞ்சிருச்சு."

"மூணாவது?"

"நாலும் ஒரே மாதிரி இருக்கணும்னு நீங்கதானே கேட்டீங்க."

"உங்க மதினி என்னை உசுரோட விடுவாளா? பாவி, எடு! எப்பிடியாச்சும் எடு!"

ஜுலைகா மேஜை டிராயரைத் திறந்தாள். அவருடைய பழைய டிஸ்க், பல்லி மாதிரி கத்துகிறதே அது, உள்ளே இருந்தது. ஒயரை மாட்டினாள். தனுஷ்கோடியின் கல்யாணம் திரும்பி வந்தது. மாப்பிள்ளைக்கு அப்போது தலையில் முடி இருந்தது.

"புதுசு நாலும் கைவிட்டுச்சு. சாகப்போறது எப்பிடிக் காப்பாத்துச்சு?" என்று கேட்டாள்.

அவர் பெட்டியைப் பார்த்தார். டிராயரைப் பார்த்தார்.

"அது வெளிய இருந்துச்சு" என்றார்.

அவள் டிராயரை மூடினாள்.

"சரி, இந்தப் பெட்டியை யாரும் தொடாம பாத்துக்கிறேன். ஸ்டுடியோவுக்கு இரும்புக் கேட்டு போடுறேன். நானே அங்க படுக்கிறேன். போதுமா?"

ஜுலைகா ஒயர்களைக் கழற்றினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினாள். வாசலில் நின்ற ஆட்டோவின் பின்சீட்டில் வைத்துவிட்டு, தானும் ஏறி உட்கார்ந்தாள்.

தனுஷ்கோடி செருப்பில்லாமல் ஓடி வந்தார்.

"எங்க கொண்டு போற?"

"ஆய்வுக்கு."

"என்ன ஆய்வு?"

"எனக்கென்ன தெரியும். காகிதத்துல கையெழுத்து இருக்கு."

"என் கையை வெட்டுனாத்தான் இது போகும்!" அவர் பெட்டியைப் பிடித்து இழுத்தார்.

"கையை வெட்டிட்டு எடுத்துட்டுப் போனா?"

ஆட்டோக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை. "யாராச்சும் வர்றீங்களா, இல்லையா?" என்றார்.

பெட்டி மறுபடி மாடி ஏறியது. தனுஷ்கோடிக்கு மூச்சு வாங்கியது. கோபத்தில் வாங்கியதா, படியில் வாங்கியதா, தெரியாது.

"உன்கிட்ட மெஷின் கேட்டு வந்தேன். நீ என்னடான்னா அவனுக வேலையைச் செஞ்சு காட்டுற."

"இந்தப் படம் வேற யார்கிட்டல்லாம் இருக்கு?" என்று கேட்டாள்.

"யார்கிட்டயும் இல்ல. எடிட் பண்ணின சிடி மட்டும்தான் குடுப்பேன். எடிட் பண்ணாத ராவை யாருக்கும் குடுக்க மாட்டோம். இந்தத் தொழில்ல எவனும் குடுக்க மாட்டான். அதுல எல்லாம் இருக்கும். பந்தியில சண்டை போட்ட சித்தப்பா இருப்பான். வேற எடத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிற மாப்பிள்ளை இருப்பான். குடுத்தா குடும்பம் நிக்குமா?"

"தெரு எதுல இருக்கு? சிடியிலயா, ராவுலயா?"

"ராவுலதான்."

"அப்ப அந்தத் தெரு உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு."

"ஆமா. என்கிட்டதான் இருக்கு. நான் இருக்கிற வரைக்கும் ஒருத்தனும் அசைக்க முடியாது."

"எது வரைக்கும்?"

தனுஷ்கோடி பெட்டியைத் தோளில் தூக்கினார். போகிற போக்கில், "உனக்கெல்லாம் என் தெருவைப் பத்தி என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவள் தடுக்கவில்லை.

தெருமுனைக் குழாயடியில் பேச்சியம்மா குடத்தோடு நின்றிருந்தார்.

"தம்பி, அந்தப் பெட்டியில எங்க வீடு தெரியுதா?"

"நல்லாத் தெரியுதுக்கா. முத்துமாரி வாசல்ல நிக்கிறா. பின்னாலயே ஓட்டு வீடு, வேப்பமரம், கதவு நம்பர் எல்லாம்."

"நீ குடுத்த சிடியில அப்பிடி இல்லையே. பனிமலையில்ல தெரிஞ்சுச்சு. எம்மக ஏதோ வெளிநாட்டு மலை மேல நிக்கிற மாதிரி, சுத்தி ஹார்ட்டு பறக்குது. வீட்டைக் காணோம்."

"அழகா இருக்கட்டும்னு மாத்துனேன்கா."

"எங்க வீடு அழகா இல்லையாக்கும்?"

தனுஷ்கோடி பெட்டியைக் கீழே இறக்கினார்.

பேச்சியம்மா குடத்தை இடுப்பில் வைத்தார். "எங்க வீட்டை எங்ககிட்ட குடுப்பா" என்றார்.

தொழிலில் முதல் தடவையாக தனுஷ்கோடி ராவைக் கொடுத்தார். வீடு வீடாகப் போய், ஆளுக்கொரு பென் டிரைவ். பந்தியில் சண்டை போட்ட சித்தப்பா தன்னைத் தானே பார்த்துவிட்டு, "லெக் பீஸ் வைக்காதவன்கிட்ட பின்ன கொஞ்சுவாங்களா?" என்று இன்னொரு தடவை சண்டைக்கு வந்தார். குடும்பங்களெல்லாம் நின்றன.

பிறகு ஜுலைகாவின் கடைக்குப் போனார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் போனார்.

"குடுத்துட்டேன். ஒவ்வொரு வீட்டுலயும் இருக்கு. இப்ப வந்து என்னைத் தூக்கிட்டுப் போகச் சொல்லு பாப்போம்."

"புல்டோசர் உங்களைத் தேடியா வருது?" என்று கேட்டாள் ஜுலைகா.

அவர் நின்றார்.

"எங்கண்ணே வருது?"

"தெருவுக்கு."

"எந்த வீட்டுக்கு?"

"எல்லா வீட்டுக்கும்."

ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். கையிரண்டும் மடியில் கிடந்தன. பிறகு நிமிர்ந்து, "எங்க கொண்டு போய் வைக்கச் சொல்ற? எங்களுக்கு வேற எடம் ஏது? அந்த ஒரு தெருதானே இருக்கு? இருந்தா அங்க இருப்போம், செத்தா அங்க சாவோம். வேற எங்கயும் போக மாட்டோம். ஒருத்தரும் போக மாட்டோம்!" என்றார்.

ஜுலைகா அவர் பையில் மிச்சமிருந்த ஒரு பென் டிரைவை வாங்கிச் சொருகி, முத்துமாரியின் கல்யாணத்தை ஓடவிட்டாள். தாலி கட்டுகிற இடத்தைத் தாண்டித் தள்ளினாள். பந்தியைத் தாண்டினாள். வாசலில் ஒரு வேன். முத்துமாரி அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுகிறாள். யாரோ பெட்டியையும் பித்தளைக் குடத்தையும் ஏற்றுகிறார்கள். முத்துமாரி ஏறுகிறாள்.

படத்தை அங்கே நிறுத்தினாள்.

"இந்த வேன் எங்கண்ணே போகுது?"

"ராஜபாளையம்..." என்று ஆரம்பித்தவர் வாயை மூடவில்லை.

செருப்பைக் கடையிலேயே விட்டுவிட்டு ஓடினார்.

அது ஆடி மாதம். கட்டிக் கொடுத்த பெண்கள் பிறந்த வீட்டுக்கு வருகிற மாதம். வந்தவர்கள் திரும்பிப் போகும்போது தெரு அவர்களை வெறுங்கையோடு அனுப்பவில்லை. முறுக்கு டின்னுக்குள் ஒரு பென் டிரைவ். அதில் அவளுடைய கல்யாணம், கூடவே பக்கத்து வீட்டுக்காரியுடையதும். வர முடியாதவர்களுக்கு டின் மட்டும் போனது. "மாமியா கேட்டா என்னம்மா சொல்றது?" என்று ஒருத்தி கேட்டாள். "எங்க வீட்டுச் சீருன்னு சொல்லு" என்றார் பேச்சியம்மா.

ஆடி கடைசியில் ஜீப் வந்தது. ஓர் அதிகாரி, பின்னால் இரண்டு ஆட்கள்.

"வீடியோ இருக்கிற கம்ப்யூட்டர் எது? ஆய்வுக்கு எடுத்துட்டுப் போகணும்."

தெரு கூடிவிட்டது. தனுஷ்கோடி யாரையும் கத்த விடவில்லை. அவரே ஒயரைக் கழற்றினார். அவரே தூக்கி ஜீப்பில் வைத்தார்.

"பாத்து எறக்குங்க சார். உள்ள நாலு டிஸ்க்கு. கனம்."

அந்த மரியாதை அதிகாரிக்குப் பிடிக்கவில்லை.

"வேற காப்பி இருக்கா? மறைச்சா கேஸாகும்."

"மறைக்க என்ன சார் இருக்கு? சொல்றேன், எழுதிக்கோங்க."

அதிகாரி காகிதத்தை ஜீப்பின் முகப்பில் வைத்துப் பேனாவைத் திறந்தார்.

"ராஜபாளையம். இந்தா நிக்கிறாங்களே பேச்சியம்மா, அவுங்க மக முத்துமாரி வீடு. மாமனார் பஸ் டிரைவரு. சத்தமாத்தான் பேசுவாரு, பயப்படாதீங்க."

எழுதினார்.

"அறந்தாங்கி. ரெண்டு வீடு. அக்கா தங்கச்சியை அண்ணன் தம்பிக்கே குடுத்துட்டோம்."

எழுதினார்.

"போடி. மாடியில இருக்காங்க, நாய் உண்டு."

எழுதினார்.

"அடுத்தது ஷார்ஜா."

"ஷார்ஜாவா?"

"மாப்பிள்ளைக்கு அங்க வேலை சார். நல்ல பையன்."

அதிகாரி தெருவை ஒரு முறை பார்த்தார். பிறகு பேனாவை மூடினார்.

"மூடாதீங்க சார்" என்றார் தனுஷ்கோடி. "இன்னும் கிழக்கு வரிசைப் பொண்ணுங்க இருக்காங்க."