ஐயம்பெருமாள் கேட்ட கேள்வி

மலையடிவார ஊர் ஒன்றில் இருந்த செவிலியர் பள்ளியில் ஜெஸிந்தா என்று ஓர் ஆசிரியை இருந்தார். அதிகம் பேச மாட்டார். அவரிடம் படித்தவர்களில் கெட்டிக்காரி இசக்கியம்மாள்.

குடும்பக் கட்டுப்பாட்டுப் பாடம் தொடங்கிய அன்று வகுப்பில் ஒரே சிரிப்பு. பாதிப் பேர் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார்கள். இசக்கியம்மாள் எழுந்து நின்றாள்.

"மேடம், இதெல்லாம் டாக்டர்தானே சொல்றாங்க? நாங்க ஊசி போடவும் பிரசவம் பார்க்கவும் படிச்சாப் போதாதா? இதுக்குப் போய் பன்னிரண்டு நாள் எதுக்கு?"

ஜெஸிந்தா புத்தகத்தை மூடினார்.

"நாளைக்கு நீ வகுப்புக்கு வர வேண்டாம். ஆஸ்பத்திரியில மகப்பேறு டாக்டர் அறை வாசல்ல நில்லு. ஒவ்வொருத்தரையா உள்ளே கூப்பிட்டு விடு. அது போதும்."

மறுநாள் காலை மூன்றாவதாக உள்ளே போனவள் சண்முகக்கனி. மூன்று பிள்ளை பெற்றவள். இதய வால்வில் கோளாறு. திறந்திருந்த கதவு வழியாக டாக்டரின் குரல் கேட்டது.

"இன்னொரு பிரசவத்தை உன் உடம்பு தாங்காதும்மா. இப்போதைக்கு ஆபரேஷனும் முடியாது. பிள்ளை உண்டாகாம இருக்க கர்ப்பப்பையில காப்பர்-டி போட்டுக்கலாம். ஏதாவது சந்தேகம் இருக்கா?"

"இல்லீங்க டாக்டர்."

வெளியே வந்தவள் இரண்டு எட்டு நடந்தாள். நின்றாள். இசக்கியம்மாளின் சீருடையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

"யம்மா, அது மேல ஏறி நெஞ்சுல போய் நின்னுக்கிடும்னு சொல்றாங்களே? எனக்கு நெஞ்சுலதானே கோளாறு?"

இசக்கியம்மாளுக்குப் பதில் தெரியும். படம் வரைந்து பாகம் குறித்து மார்க்கும் வாங்கியிருக்கிறாள். ஆனால் எதிர் பெஞ்சில் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். முகம் சுட்டது.

"டாக்டர்கிட்டயே கேளுங்கக்கா" என்றாள்.

சண்முகக்கனி கதவைப் பார்த்தாள். அடுத்த ஆள் உள்ளே போயாகிவிட்டது. "சரிம்மா" என்று சீட்டை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தாள்.

இசக்கியம்மாளுக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அடுத்தவளைக் கூப்பிட வாய் திறந்தால் அந்தச் 'சரிம்மா'தான் காதில் கேட்டது. கூடப் படிப்பவள் ஒருத்தியை வாசலில் நிறுத்திவிட்டு ஓடினாள்.

பஸ் நிறுத்தத்தில் சண்முகக்கனி இருந்தாள். கூடவே அவள் கணவன் ஐயம்பெருமாள். அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிறவன்.

"அக்கா, அது ஏறாது. கர்ப்பப்பையில இருந்து நெஞ்சுக்குப் போக வழியே கிடையாது. இங்க பாருங்க."

சீட்டின் பின்பக்கம் படம் வரைந்தாள். பஸ் வந்தது, போனது. யாரும் எழவில்லை. சண்முகக்கனி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஐயம்பெருமாள் சாலையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இசக்கியம்மாள் கிளம்பும்போதுதான் திரும்பினான்.

"சிஸ்டர், இவ பட்டது போதும். ஆம்பளைக்கு ஒண்ணும் கிடையாதா?"

இசக்கியம்மாள் திரும்ப உட்கார்ந்து, பாடப்புத்தகத்தில் முன்பே வாசித்திருந்ததைச் சொன்னாள்.

"இருக்குண்ணே, கருத்தடை ஆபரேஷன். சின்னதா ஒரு துளை. தையல் கிடையாது. அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்."

"மூட்டை தூக்கலாமா?"

"ஒரு வாரம் வேண்டாம். அப்புறம் தூக்கலாம்."

அவன் தரையைப் பார்த்தான். "மத்தது?"

"ஒண்ணும் குறையாதுண்ணே. ஆனா மூணு மாசம் கழிச்சு ஒரு பரிசோதனை இருக்கு. அதுல சரின்னு சொல்ற வரைக்கும் ஆணுறை கட்டாயம்."

அடுத்த வியாழக்கிழமை ஐயம்பெருமாள் ஆபரேஷனுக்கு வந்தான். ரத்த அழுத்தம் பார்த்தது இசக்கியம்மாள்தான். சாயங்காலம் தானே நடந்து வெளியே வந்தான். சண்முகக்கனி பஸ் நிறுத்தம் வரை அவன் கையை விடவில்லை.

அன்றே இசக்கியம்மாள் ஆசிரியையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள். வாசலில் வெட்கப்பட்டுப் பதில் சொல்லாமல் அனுப்பியதையும் மறைக்கவில்லை. ஜெஸிந்தா திட்டவில்லை.

"மேடம், ஒண்ணு மட்டும் புரியல. மூணு பிரசவத்துக்கும் அவர் கூடவே வந்திருக்கார். ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு ஆஸ்பத்திரி. வராண்டாவுலயே ராவும் பகலும் நின்னிருக்கார். அவர்கிட்ட இதை ஒருத்தர் கூடச் சொன்னதில்லையாம். ஏன் மேடம்?"

ஜெஸிந்தா பாடப்புத்தகத்தில் ஆண் கருத்தடை பற்றிய பக்கத்தைத் திறந்து வைத்தார்.

"நாங்க படிக்கும்போது அந்தப் பக்கம் வந்ததும் எங்க டீச்சர், 'இதை நீங்களே வாசிச்சுக்கோங்க'ன்னு சொல்லிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிட்டாங்க" என்றார். "நாங்க முப்பது பேர். முப்பது பேரும் இந்த ஜில்லாவுலதான் வேலை பார்க்கிறோம்."