முதுகு காட்டி நின்ற தாண்டவராயனார்

கடம்பேரி என்னும் ஊரில், நீர்முகநாதர் கோயிலுக்குப் பூப்பறித்துக் கொடுக்கும் பணியில் இருந்தவர் தாண்டவராயனார். அடியார்களின் கதை என்றால் யானை வரும், குதிரை வரும், கடைசியில் வெள்ளெருது வரும். இவருக்கு வாய்த்த வாகனம் ஒரு பழைய லாரி டியூப். விடியும் முன்னே நெற்றி நிறைய நீறு பூசி, அந்த டியூபின் மேல் வயிற்றை வைத்துப் படுத்துக்கொண்டு, கைகளைத் துடுப்பாக்கி ஏரிக்குள் போவார். ஒரு தாமரைக்கு ஒரு சிவநாமம். பெயர் சொல்லாமல் கிள்ளிய பூவைக் கரையில் மனைவி ஞானாம்பாள் எப்படியோ கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவார் என்று அவரே சொல்லிச் சிரிப்பார். கூலி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. கோயில் பட்டைச்சோறும் ஊரார் கொடுக்கும் நெல்லும் இருவருக்கும் போதுமானதாக இருந்தன.

அந்த ஏரி சின்ன நீரல்ல. இக்கரையில் நின்று பார்த்தால் அக்கரையில் மேயும் எருமை எறும்பாகத் தெரியும். எந்தக் காலத்திலோ ஒரு குறுநில மன்னன் வெட்டி, கரை எழுப்பி, மடை வைத்து, கல்வெட்டும் பொறித்தான். கல்வெட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அதன் மேல் துணி நன்றாக வெளுக்கும் என்பது மட்டும் தெரியும். விராலும் கெண்டையும் கொழுத்துக் கிடந்த காலத்தில் கூழைக்கடாப் பறவைகள் எங்கிருந்தோ வந்து இறங்கி, கருவேல மரங்களைச் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெளுத்துவிட்டுப் போகும்.

அவ்வூர்ச் சுவாமிக்கு நீர்முகநாதர் என்று பெயர் வந்ததற்குக் காரணமான சடங்கு ஒன்று உண்டு. மாசி மகத்தன்று உற்சவரைப் பல்லக்கில் சுமந்து தென்கரைப் படித்துறையில் இறக்கி, நீரின் மேல் சற்றே சாய்த்துப் பிடிப்பார்கள். சுவாமி தம் முகத்தை ஏரியில் பார்த்துக்கொள்வார். சுவாமி முகம் தெரிந்த நீர்தான் ஊர் குடிக்கத் தகுந்த நீர். தெரியாவிட்டால் அந்த ஆண்டு கரையையும் வாய்க்காலையும் செப்பனிடாமல் யாரும் உலை வைக்கக் கூடாது என்பது முன்னோர் கட்டு. முன்னோர் கெட்டிக்காரர்கள். பின்னோராகிய நாம் அவர்களை விடக் கெட்டிக்காரர்கள்: வீட்டுக்கு வீடு குழாய் வந்ததும் குளியலறையும் கழிப்பறையும் கட்டி, எல்லாக் கழிவையும் ஏரிக்குத் திருப்பிவிட்டோம். சாயப்பட்டறைக்காரர் தம் பங்குக்கு நிறம் சேர்த்தார். இதை எழுதும் கை காலையில் கழுவிய நுரையும் ஏதோ ஓர் ஏரிக்குத்தான் போயிருக்கும்.

தாமரை குறைந்தது. கூடை நிறைந்த இடத்தில் கைப்பிடி ஆயிற்று; பிறகு ஒற்றைப் பூ. ஒரு நாள் அதுவும் இல்லை. வெறுங்கூடையுடன் சந்நிதியில் நின்ற தாண்டவராயனார் அன்று சோறு உண்ணவில்லை.

அந்தச் சமயத்தில்தான் உறவுக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்காக வெளியூர் போனவர், அங்கே ஒரு குளத்தில் ஊதா நிறப் பூங்கொத்து ஒன்றைக் கண்டார். மேலிதழில் மஞ்சள் பொட்டு, அதைச் சுற்றி நீலம். அசல் கண் மாதிரி இருந்தது. வேறு யாராவது பார்த்திருந்தால் மயில்பீலி என்றிருப்பார்கள். இவர் கண்ணுக்கு நெற்றிக்கண்ணாகத் தெரிந்தது. "தாமரையை எடுத்துக்கொண்டு இதைக் காட்டுகிறாயா அப்பனே" என்று கண் கலங்கி, ஒரு செடியைத் தூக்குவாளியில் போட்டுப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து ஏரியில் விட்டார். தண்டு வெங்காயம்போல் உப்பியிருக்கும் அந்தச் செடிக்கு வெங்காயத்தாமரை என்று பெயர் என்பதையோ, அது என்ன செய்யும் என்பதையோ அவர் அறியார்.

முதல் பூவை அர்ச்சகர் சபேச குருக்கள் சுவாமியின் முடியில் சாத்தினார். ஊரே மூக்கின்மேல் விரல் வைத்தது. ஏரியில் நமது கழிவு நெய்யும் பாலுமாகக் காத்திருந்ததால் செடிக்குப் பஞ்சமில்லை. அடுத்த மழைக்குள் படித்துறை மறைந்தது. அதற்கடுத்த மழைக்குள் ஏரியே மறைந்தது. பச்சைப் பாய்க்குக் கீழே மூச்சு முட்டி மீன்கள் செத்தன. வலைக்காரர்கள் கட்டட வேலைக்குக் கேரளம் போனார்கள். கூழைக்கடாக்கள் ஒருமுறை வட்டமடித்துப் பார்த்து, இறங்க நீர் காணாமல் திரும்பின.

குற்றவாளி கையருகிலேயே இருந்ததில் ஊருக்கு மிகுந்த நிம்மதி. சாக்கடை கட்டியவர்களும் சாயம் விட்டவர்களும் மனம் லேசாகி, ஏரியைக் கொன்றது தாண்டவராயர் என்று ஒருமனதாகத் தீர்மானித்தார்கள். அவரும் மறுக்கவில்லை.

அன்றிலிருந்து அவர் சுவாமிக்கு ஒரு பூவும் சாத்தவில்லை. செடி பறிப்பதே பூசை என்று வைத்துக்கொண்டார். ஒரு செடிக்கு ஒரு சிவநாமம். டியூப் நிறையப் பறித்துக் கரையேற்றிக் காயவைப்பார். மறுநாள் போனால் பறித்த இடம் முன்னைவிடப் பச்சையாக இருக்கும். காலில் சேற்றுப்புண் ஆறவே இல்லை. தேநீர்க் கடையில் ஒரு நாள் ஒருவர் கேட்டார்: "என்ன சாமி, பறிச்சு முடிச்சாச்சா? அடுத்து கடலுக்குப் போறதா உத்தேசமா?"

"இத முடிச்சுட்டுத்தான் தம்பி கடலு," என்றார் அடியார், தமக்கே உரிய பணிவோடு. கடை முழுவதும் சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். அந்தச் சிரிப்பில் மட்டும் சத்தம் இல்லை.

தேங்கிய நீரில் கொசு பெருகி, காய்ச்சல் வீடு வீடாக நுழைந்தது. ஞானாம்பாளுக்கும் வந்தது. அரசு மருத்துவமனைக் கட்டிலருகே தரையில் அமர்ந்து, தாம் கொண்டுவந்த செடி தம் வீட்டுக்கே வந்துவிட்டது என்று தலையில் அடித்துக்கொண்டவரின் கையை அந்த அம்மையார் பிடித்துக்கொண்டார்.

"பூன்னு நெனச்சுதானங்க கொண்டாந்தீங்க," என்றார். "வேற என்னத்தையோ கொண்டாந்த மாதிரி அழுவுறீங்களே."

அதுவே அந்த அம்மையாரின் கடைசிப் பேச்சு. காரியம் முடிந்த மறுநாள் விடியலில் தாண்டவராயனார் டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏரிக்குப் போனார். கரையில் கூடை பிடிக்க ஆள் இல்லை; கூடைக்கு வேலையும் இல்லை.

மாசி மகத்துக்குப் பல ஆண்டுகளாக நீருக்குப் பதில் ஒரு நிலைக்கண்ணாடியைப் பிடித்துச் சுவாமிக்கு முகம் காட்டிவந்தார்கள். தர்மகர்த்தா இரத்தினசபாபதிக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. ஊருக்குள் ஓடு பதித்த சிமெண்டுத் தொட்டி ஒன்று கட்டி, ஆழ்குழாய் நீர் நிரப்பி, இந்த ஆண்டிலிருந்து சுவாமி அங்கேயே முகம் பார்ப்பார் என்று அறிவித்தார். சுவாமியே வராத ஏரியை மண்ணடித்து மூடினால் பேருந்து நிலையத்துக்கு நல்ல இடம் என்ற பேச்சும் கூடவே எழுந்தது.

இதைக் கேட்ட தாண்டவராயனார் சபேச குருக்களிடம் போனார். இந்த ஒரு முறை சுவாமி ஏரியைப் பார்க்காவிட்டால் பிறகு ஏரியே இருக்காது என்றார். அதற்குக் குருக்கள், ஏரியில் முகம் தெரிய முதலில் நீர் தெரிய வேண்டுமே என்று வருந்தினார். அந்தப் பதிலை அடியார் உத்தரவாக எடுத்துக்கொண்டார். துக்கத்தில் இருப்பவரிடம் அளந்து பேச வேண்டும் என்பது இதனால்தான்.

படித்துறையை ஒட்டி ஒரு பாய் விரிக்கும் அளவுக்குச் செடி நீக்கத் தொடங்கினார். பகலெல்லாம் நீக்குவார்; வாடைக்காற்று வடக்கேயிருந்து பச்சைப் பாயைத் தள்ளிவந்து இடத்தை மூடிவிடும். ஆகவே நீளமான மூங்கில் ஒன்றைக் குறுக்கே மிதக்கவிட்டு, இருபுறமும் முளையடித்துக் கயிற்றால் கட்டினார். மகத்தன்று காலை வரை மூங்கில் தாங்கியது. ஊருக்குள் மேளம் கேட்கத் தொடங்கிய வேளையில் காற்று வலுத்தது. ஏரியளவு செடியும் ஒன்றாகச் சாய, கயிறு இரண்டும் அறுந்தன.

தாண்டவராயனார் நீரில் குதித்தார். மார்பளவு நீரில், சேற்றில் கால் புதைத்து, மூங்கிலை மார்பில் அணைத்து நின்றார். செடியைத் தடுக்க வேண்டுமானால் செடியைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். வாழ்நாள் முழுதும் சந்நிதியிலிருந்து பின்னடியாகவே நடந்து வெளியே வந்தவர், அன்று சுவாமி வரும் திசைக்கு முதுகு காட்டி நின்றார்.

பல்லக்கு ஏரிக்கரை முக்குக்கு வந்தது. தொட்டிக்குப் போக நேரே நடக்க வேண்டிய இடம். முன்தண்டு தென்கரைப் பக்கம் இழுத்தது.

"நேராப் போங்கப்பா," என்றார் தர்மகர்த்தா.

முன்தண்டு பிடித்திருந்த கருணாகரன் வியர்த்துப்போய்ச் சொன்னார்: "நாங்க நேராத்தான் போறோங்கய்யா. சாமிதான் வரமாட்டேங்குறாரு."

ஆள் மாற்றிப் பார்த்தார்கள். தோள் மாற்றிப் பார்த்தார்கள். மலையாகக் கனத்த பல்லக்கு, ஏரிப்பக்கம் திருப்பியதும் பஞ்சானது. மேளம் நின்றுபோக, கூட்டம் படியிறங்கியது.

அங்கே ஒரு பாயளவு நீர் இருந்தது. தெளிந்த நீர் அல்ல, கறுத்த நீர். அப்பால் ஒரு நரைத்த தலையும், நடுங்கும் இரு தோள்களும், அவற்றுக்கப்பால் காற்றில் ஏறி ஏறி வந்த பச்சையும் தெரிந்தன. குருக்கள் உற்சவரைச் சாய்த்தார். பல ஆண்டுகளுக்குப் பிறகு நீர்முகநாதர் நீரில் முகம் பார்த்தார்.

"தாண்டவராயரே," என்று குருக்கள் அழைத்தார், "ஒருதரம் திரும்பிப் பாருமேன்யா."

"திரும்புனா மூங்கி நழுவிரும் சாமி. நீங்க பாத்துச் சொல்லுங்க. மொகம் தெரியுதா?"

"தெரியறதுய்யா. நன்னாத் தெரியறது."

சாய்த்த சுவாமியின் தோளிலிருந்து மாலை ஒன்று நழுவி நீரில் விழுந்தது. வாடைக்காற்று கரையை நோக்கித்தான் வீசிக்கொண்டிருந்தது. கரையில் நின்றவர்களின் மேல்துண்டுகளும் அந்தப் பக்கமே பறந்தன. மாலை மட்டும் காற்றுக்கு எதிரே, அவசரமில்லாமல் போயிற்று. அவர் முதுகைத் தொட்டது. தோளில் ஏறிப் படிந்தது. அதற்குப்பின் அவர் உடம்பில் நடுக்கம் இல்லை.

கருணாகரனும் மற்றவர்களும் நீரில் இறங்கிப் போய்ப் பார்த்தபோது, மூங்கிலை அணைத்த கைகள் அணைத்தபடியே இருக்க, தாண்டவராயனார் இறைவன் திருவடி சேர்ந்திருந்தார். கைகளைப் பிரிக்க நேரமாயிற்று. தர்மகர்த்தா தம் பட்டு மேல்துண்டை எடுத்து ஈர உடம்பைப் போர்த்தினார்.

அன்று பொழுது சாய்வதற்குள் பச்சைப் பாய் அந்த இடத்தையும் மூடிக்கொண்டது. ஏரியை மூடும் பேச்சு அந்த மாசியோடு நின்றது. சாக்கடையை நிறுத்தும் பேச்சு இன்னும் தொடங்கவில்லை.

அடியார்களின் பாதம் பணிந்து கதையை முடிப்பது முறை. இந்த அடியார் பாதம் நாம் கலந்துவிட்ட சேற்றில் புதைந்திருப்பதால், தம் பிழையோடு ஊர்ப் பிழையையும் சேர்த்துத் தாங்கிய அந்த ஈர முதுகை வணங்கி அமைவோம்.