யானையுரசிப் பாறைக்குச் சாட்சி

இருட்டியதும் முகாம் குடிசைக்கு வெளியே, மலையையே யாரோ தேய்ப்பதுபோல் 'சர்ர்... சர்ர்' என்றொரு சத்தம் எழுந்தது. சர்வேயர் அனந்தநாராயணன் அதைக் காதில் வாங்காமல், விறகு கொண்டுவந்த இருளர் பெண் மாதியை அதட்டினார்.

“ஊருக்குப் பேர் யானையுரசிப் பாறையாம்! சாட்சி இல்லாத பேரை வரைபடத்தில் ஏற்றமாட்டேன். பேரில்லாத இடம் சர்க்காருக்கு. நாளைக்கே உங்கள் ஊர் காலி செய்யணும்.”

“சாட்சி வந்து ரொம்ப நேரமாச்சுங்க சாமி. நீங்களே விசாரிச்சுக்குங்க” என்று மாதி கதவைத் திறந்தாள்.

நிலவொளியில் கொம்பன் யானை ஒன்று கண்மூடி, பாறையில் விலாவை உரசிக்கொண்டிருந்தது. எத்தனை தலைமுறை யானைகள் உரசினவோ, அதன் முதுகுயரம்வரை பாறை கண்ணாடியாய் மின்னியது. அவர் கைகூப்பினார்.

“வேற ஏதாச்சும் கேக்கணுமா சாமி? இங்க கூப்பிடட்டுமா?”

“வேண்டாம்மா!”

வரைபடத்தில் பேரையும் அர்த்தத்தையும் எழுதிக் கையெழுத்திட்டுவிட்டு, அவரே ஓடிப்போய்க் கதவை உள்ளே தாழிட்டார்.