பொன்னாடையில் துவரம்பருப்பு

கூட்டுறவுப் பண்டகசாலையில் பிளாஸ்டிக் பை ஒழிப்பு விழா. போர்த்திய பொன்னாடையோடு தலைவர் தனுஷ்கோடி முழங்கினார்: "இனிமேல் துணியில்தான் சாமான். மீறிக் கொடுத்தால் வேலை போகும்!"

முழங்கிய கையோடு, எடைபோடும் இசக்கியம்மாளிடம் வந்தார்.

"ரெண்டு கிலோ துவரம்பருப்பு."

"பை ஐயா?"

"நான் பை தூக்குற ஆளா? சட்டமும் மீறக்கூடாது, நான் வெறுங்கையோடவும் போகக்கூடாது. இல்லேன்னா நாளைக்கு நீ வரவேண்டாம்!"

இசக்கியம்மாள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு பணிவாகக் கும்பிட்டு, அவர் தோளிலிருந்த பொன்னாடையை உருவினாள். பருப்பைக் கொட்டி மூட்டையாக முடிந்து நீட்டினாள்.

"ஏய், அது பொன்னாடை!"

"துணிதானே ஐயா."

வரிசையில் யாரோ, "தலைவரே வழிகாட்டிட்டாரு!" என்று குரல்கொடுக்க, கைதட்டல் எழுந்தது. திட்ட வாயெடுத்தவர், மூட்டையை உயர்த்திக் காட்டிச் சிரித்துவைத்தார்.