தடத்தை அழித்த மந்தி

ஒரு காட்டில், கண்ணுகளா, மந்தி ஒன்று பந்தாட்டத்தில் ஆறு வருஷமாகத் தோற்றதே இல்லை. செம்மண் களம், நடுவே கட்டிய சீந்தில் கொடி, கையில் பனைமட்டை. கொடிக்கு மேலே அது அடிக்கும் பந்தைக் காடே வாய் பிளந்து பார்க்கும்.

முதல் வருஷம் களத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு இறங்கிய மந்திதான். ஜெயிக்க ஜெயிக்க அதன் மனசில் சந்தேகம் குடிவந்துவிட்டது. தண்ணீர் கொடுத்தால் மோந்து பார்க்கும். கூடப் பயிற்சி செய்த முயலையும், "என் ஆட்டத்தை யாரிடம் போய்ச் சொல்கிறாய்?" என்று விரட்டிவிட்டது.

ஏழாம் வருஷம் முழங்காலில் வலி. "சாமி, இந்த ஒரு வெற்றிமாலை போதும். அப்புறம் மட்டையைத் தொடமாட்டேன்" என்று வேண்டிக்கொண்டது. எதிரே ஆட வந்தது ஓர் இளம் கரடி.

ஆட்டத்துக்கு முன்னால் நரி மெல்ல வந்தது.

"அக்கா, கோடு பார்க்கும் கொக்கு, கரடி வீட்டு ஓடையில்தான் மீன் பிடிக்கிறதாம். சும்மா சொன்னேன், மனசில் வைத்துக்கொள்ளாதே."

ஆட்டம் முழுக்க மந்தியின் ஒரு கண் பந்தில், ஒரு கண் கொக்கின் மேல்.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று வழக்கு வந்தால், மண்ணில் பதிந்த தடத்தைக் கொக்கு வந்து பார்த்துச் சொல்லும். அதற்கு முன் தடத்தை யார் கலைத்தாலும் புள்ளி எதிராளிக்கு.

மந்தியும் கரடியும் சரிசமமாக வந்துவிட்டன. இனி ஒரே புள்ளி, எடுப்பவருக்கு மாலை. கரடி ஓங்கி அடித்த பந்து கோட்டருகே விழுந்தது. மந்தி தொடாமல் விட்டது.

"வெளியே!" என்றது மந்தி.

"உள்ளேதான் அக்கா!" என்றது கரடி.

"இருங்கள், வருகிறேன்" என்று கொக்கு கிளையிலிருந்து இறங்கி நடந்து வந்தது.

"வா, வா! தின்ற மீனுக்குச் சாட்சி சொல்லத்தானே வருகிறாய்?" என்று கத்திய மந்தி, காலால் தடத்தைத் தேய்த்தே அழித்துவிட்டது.



"என்ன காரியம் செய்தாய், மந்தியம்மா!" என்றது கொக்கு. "மேலிருந்தே பார்த்தேன். பந்து இரண்டு விரல் வெளியேதான் விழுந்தது. தடத்தை எல்லோருக்கும் காட்டி, மாலை உனக்கு என்று சொல்லத்தான் வந்தேன். இப்போது எதைக் காட்டுவேன்? புள்ளி கரடிக்கு."

மாலை கரடியின் கழுத்தில் விழுந்தது. மந்தி அந்த வெறும் மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றது.

நீதி: சந்தேகம் பிடித்த கண்ணுக்கு, தனக்காகப் பேச வரும் சாட்சியும் பகையாகவே தெரியும்.